கவுண்டரில் வாதாடாதீர்கள், காகிதத்தில் வாதாடுங்கள்: ஷெங்கன் எல்லையில் உங்கள் தரவும் உரிமையும்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஐரோப்பிய விமான நிலையத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னுமாக நான்கு தடவை புரட்டினார். முந்தைய பயணத்தில் உள்ளே வந்ததற்கு முத்திரை இருக்கிறது, வெளியே போனதற்கு இல்லை. "எப்போது கிளம்பினீர்கள்?" தேதி சொன்னேன். "எப்படி நம்புவது?" என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது. ஓரமாக ஒரு நாற்காலியைக் காட்டினார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் போய், கியூ காலியாகி, அடுத்த விமானத்துக் கூட்டமும் வந்து நிற்க ஆரம்பித்த பிறகு, என் போனில் பழைய படங்களுக்கு நடுவே ஒன்று அகப்பட்டது. திரும்பும் நாளன்று காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் போர்டிங் பாஸை வைத்துச் சும்மா எடுத்த படம். விமான எண், தேதி, இருக்கை எண் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. அதோடு பாஸ்போர்ட்டின் வேறொரு பக்கத்தில் தலைகீழாகக் குத்தியிருந்த, ஊர் திரும்பிய நாளின் மங்கலான முத்திரை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், ஏதோ தட்டினார், அனுப்பிவிட்டார்.

அந்தப் படம் இல்லையென்றால் நான் எத்தனை சட்டம் பேசியிருந்தாலும் வேலைக்கு ஆகியிருக்காது. யார் உள்ளே வருகிறார்கள் என்று கேட்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், தப்பாக எழுதியிருந்தால் எங்கே போய்த் திருத்துவது என்று திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனம் 8-ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. அங்கே குடிமக்கள் என்று எழுதவில்லை, எல்லோரும் என்றுதான் இருக்கிறது, அதனால் சுற்றுலா விசாவில் போகிறவருக்கும் அது சேரும். ஆனால் அந்த உரிமை பயணத்துக்கு முன்னும் பின்னும் எழுத்தில் வேலை செய்கிற மாதிரி கவுண்டரில் வேலை செய்யாது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காகித வேலைதான், சலிக்காமல் படியுங்கள்.

முத்திரை போனது, கணினி வந்தது

2025 அக்டோபர் 12 அன்று ஐரோப்பாவில் ஈ.ஈ.எஸ் என்கிற நுழைவு, வெளியேற்றப் பதிவு முறையைத் தொடங்கினார்கள். ஒரே நாளில் எல்லா இடத்திலும் வரவில்லை. ஆறு மாதத்தில் படிப்படியாக என்று திட்டம் போட்டு, முழு அமலுக்கு 2026 ஏப்ரல் 10 என்று நாள் குறித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அயர்லாந்தும் சைப்ரஸும் தவிர மற்ற 25 நாடுகள், கூடவே ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லீக்டென்ஸ்டைன், ஆக ஷெங்கன் நாடுகள் என்று சேர்த்துச் சொல்லும் 29 நாடுகளுக்கும் ஒரே பதிவேடு. குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு மட்டும்தான் இது. அங்கேயே வசிக்க அனுமதி அட்டை வைத்திருந்தால் நீங்கள் இந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். அந்த அட்டையைக் கவுண்டரில் முதலிலேயே நீட்டிவிடுங்கள், பின்னால் கைப்பையில் தேடிக்கொண்டு நின்றால் தேவையில்லாமல் பதிவாகிவிடும்.

என்ன எடுக்கிறார்கள்? பாஸ்போர்ட் விவரம், வந்த தேதி, போன தேதி, எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்பது, முகப் படம், கைரேகை. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் மாதிரி விசா தேவைப்படாதவர்களிடம் நான்கு விரல் ரேகை வாங்குவார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பத்து விரலையும் கொடுத்தாகிவிட்டது, அது வி.ஐ.எஸ் என்ற விசாத் தரவுத்தளத்தில் இருக்கிறது, அதனால் ஈ.ஈ.எஸ்-இல் புதிதாக முகப் படம்தான் சேரும். 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளிடம் ஈ.ஈ.எஸ்-க்காகக் கைரேகை வாங்கக்கூடாது, படம் மட்டும்தான். குழந்தையின் விரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னால் வயதை நினைவுபடுத்துங்கள். வேலை மும்முரத்தில் அவர்களும் மறப்பார்கள்.

எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒழுங்காக வந்து ஒழுங்காகத் திரும்பினால், கடைசியாக வெளியேறிய நாளிலிருந்து 3 வருடம். நுழைவை மறுத்தாலும் 3 வருடம். ஆனால் நீங்கள் வெளியேறியது பதிவாகவில்லை என்றால், தங்கும் அனுமதி முடிந்த நாளிலிருந்து 5 வருடம். அதாவது யாரோ ஒருவர் வெளியேற்றத்தைப் பதியத் தவறினால், அல்லது அந்த நேரத்தில் கணினி படுத்துக்கொண்டால், நீங்கள் 180 நாளில் 90 நாள் என்ற வரம்பைத் தாண்டித் தங்கியவர் ஆகிவிடுகிறீர்கள். அந்தப் பெயரோடு இன்னும் கூடுதல் காலம் பதிவேட்டில் இருக்கிறீர்கள். முத்திரைக் காலத்தில் என் பாஸ்போர்ட்டில் இருந்த ஓட்டை என் கண்ணுக்கே தெரிந்தது. இப்போது அந்த ஓட்டை எங்கோ ஒரு சர்வரில் இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பதிவேட்டை நடத்துவது ஈயு-லிசா என்ற அமைப்பு. தலைமையிடம் எஸ்டோனியாவின் தாலினில், கணினிகள் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில்.

நல்லவேளையாகச் சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. காலம் தாண்டித் தங்கினார் என்று கணினி சொன்னால் அது வெறும் அனுமானம்தான், பயணச் சீட்டோ, அந்த நாளில் வேறெங்கோ இருந்ததற்கான நம்பத்தகுந்த சான்றோ காட்டி அதை உடைக்கலாம் என்று ஷெங்கன் எல்லைச் சட்டம் சொல்கிறது. என்னைக் காப்பாற்றிய காபிக் கோப்பைப் படம் இந்த வகைதான்.

கிளம்பும் முன்

முதல் வேலை, உங்களுக்கென்று ஒரு சொந்தப் பதிவேடு. போனில் ஒரு கோப்புறை, அதே கோப்புறையின் நகல் போனுக்கு வெளியே வேறெங்காவது. அதில் ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸ் படம், போகும் வழியிலும் வரும் வழியிலும். ரயிலிலோ காரிலோ கப்பலிலோ எல்லை தாண்டினால் இன்னும் கவனமாக இருங்கள், ஏனென்றால் விமான நிலையத்தில் வரிசையாக வாயில்கள் இருக்கும், தரைவழியில் ஒரு அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கையசைத்து அனுப்பிவிடுவதும் உண்டு, அன்றைக்கு நமக்கு அது ஜாலியாக இருக்கும், அடுத்த பயணத்தில்தான் தெரியும். தேதியோடு ஒரு ரசீது, ஊர் திரும்பியதும் விழுந்த முத்திரையின் படம், இவை போதும். எத்தனை வருடம் வைத்திருப்பது? அவர்கள் 5 வருடம் வைத்திருந்தால் நீங்களும் 5 வருடம்.

இரண்டாவது, பெயர். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து, விசாவில், டிக்கெட்டில், விண்ணப்பத்தில் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். குடும்பப் பெயர் இல்லாத ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கும், தகப்பன் பெயரை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் போட்டவர்களுக்கும் இது பெரிய தலைவலி. வெவ்வேறு பதிவேடுகளில் உள்ள அடையாளங்களை ஒப்பிட்டு இணைப்புப் போடும் ஒரு கருவிக்கு 2019-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இணைப்புகளுக்கு நிறம் கூடக் குறித்திருக்கிறார்கள். மஞ்சள் என்றால் சந்தேகம், இனிமேல்தான் ஒரு மனிதர் சரிபார்க்க வேண்டும். பச்சை என்றால் விவரம் ஒத்துப்போனாலும் ஆட்கள் வேறு. வெள்ளை என்றால் ஒரே ஆள், நியாயமான காரணத்தோடு. சிவப்பு என்றால் அடையாளத்தில் ஏதோ மோசடி. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவர் நியாயமாக வெள்ளையில் இருக்க வேண்டும், மஞ்சளில் மாட்டினால் கவுண்டரில் நிற்க வேண்டியதுதான். பெயர் மாற்றச் சான்றும் பழைய பாஸ்போர்ட்டும் பையில் இருக்கட்டும்.

விசா விண்ணப்ப மையம் என்பது பெரும்பாலும் தனியார் நிறுவனம். தூதரகத்துக்காகக் காகிதமும் கைரேகையும் வாங்குகிறது, அவ்வளவுதான். தூதரகத்துக்கு அனுப்பியதும் உங்கள் தரவை உடனே அழித்துவிட வேண்டும், முன்பதிவுக்கான பெயர், தொடர்பு விவரத்தையும் பாஸ்போர்ட் எண்ணையும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் வைத்துக்கொண்டு அதற்கு 5 நாள் கழித்து அழித்துவிட வேண்டும் என்று விசாச் சட்டத்தின் இணைப்பில் இருக்கிறது. குறுஞ்செய்தி, கூரியர், சொகுசு அறை போன்றவை உங்கள் விருப்பம்தான், வேண்டாம் என்றால் விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. விளம்பரத்துக்கு ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். முன்பு கைரேகை கொடுத்து 59 மாதம் ஆகவில்லை என்றால் பழையதையே எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும் மறக்காதீர்கள், விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கு ஒரு கேள்வி உண்டு.

அப்புறம் பயண முகவர். இங்கே நம் ஆட்கள் காட்டும் அலட்சியத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். எல்லையில் கைரேகை கேட்டால் கொதிக்கிறோம், ஆனால் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும், வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று என்று எல்லாவற்றையும் வாட்ஸப்பில் முன்பின் தெரியாத ஒரு எண்ணுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். அனுப்பத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் "விசா விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள், வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் கேளுங்கள். எழுதிக் கேட்டதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்.

கவுண்டரில்

கைரேகையும் முகப் படமும் தர மாட்டேன் என்று சொல்லலாமா? சொல்லலாம், அப்படியே திரும்பி வர வேண்டியதுதான். ஈ.ஈ.எஸ்-இல் இது விருப்பத் தேர்வு இல்லை, மறுத்தால் நுழைவு மறுப்பு. அதனால் அதில் மல்லுக்கட்டாதீர்கள். எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் பேச்சுக்கு இடம் இருக்கிறது.

காய்ந்த விரல், வெடித்த விரல், சிமெண்ட் வேலையிலோ பாத்திரம் தேய்த்தோ ரேகை தேய்ந்த விரல், இவை கண்ணாடியில் விழாது. அம்மாவைக் கூட்டிப் போன பயணத்தில் நேரிலேயே பார்த்தேன். பச்சை விளக்கு எரிய மாட்டேன் என்கிறது, அதிகாரி தன் விரலால் அம்மாவின் விரலை அழுத்துகிறார், அம்மாவுக்கு வலிக்கிறது, பின்னால் கூட்டம் உச்சுக் கொட்டுகிறது. நான் அழுத்த வேண்டாம், ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளட்டும் என்றேன். அம்மா கையை முகத்தருகே கொண்டுபோய் ஊதி, புடவைத் தலைப்பில் ஒற்றி வைத்ததும் மூன்றாவது தடவை விழுந்தது. விழாமலே போயிருந்தாலும் அது அம்மாவின் குற்றம் ஆகாது. உடல் காரணத்தால் ரேகை தரவே முடியாதவர்களுக்கு ஈ.ஈ.எஸ் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, கட்டுப்போட்ட கை மாதிரி தற்காலிகக் காரணம் என்றால் அப்படியே குறித்துக்கொண்டு பின்னால் வாங்குவார்கள். மருத்துவச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். முகத்தை மூடும் உடை அணிபவர்கள், படத்துக்கு மட்டும் தனி இடத்தில் எடுக்கிறேன், பெண் அதிகாரி வேண்டும் என்று முதலிலேயே பணிவாகக் கேளுங்கள். மனித மாண்பை மதித்துத்தான் சோதனை நடத்த வேண்டும், பாலினம், இனம், மதம், வயது, மாற்றுத்திறன், பாலியல் நாட்டம் எதை வைத்தும் பாகுபாடு காட்டக் கூடாது என்று எல்லைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. விரிவான சோதனையைத் தனி இடத்தில் நடத்தும்படி நீங்கள் கேட்கலாம், அங்கே வசதி இருந்தால் அவர்கள் செய்ய வேண்டும்.

தானியங்கிக் கருவி முன்னால் நின்றால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறேன். தப்பாகத் தட்டினால் கருவியோடு போராடாமல் ஆளிடம் போய்ச் சொல்லுங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று பதிவாகியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை, அதிகாரியோ அங்குள்ள கருவியோ சொல்ல வேண்டும். எண்ணைக் கேட்டதும் உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடித்தால் அங்கேயே சொன்னால் ஐந்து நிமிட வேலை, ஊருக்கு வந்து சொன்னால் ஐந்து மாத வேலை.

உள்ளறைக்குக் கூப்பிட்டால்

கூப்பிட்டதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. இரண்டாம் நிலைச் சோதனை என்று இதற்குப் பெயர். அதன் நோக்கமும் நடைமுறையும் என்ன என்று உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தகவல் தர வேண்டும், பல இடங்களில் ஒரு தாள் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள். அதிகாரியின் பெயரோ பணி எண்ணோ, எந்த எல்லை வாசல், என்ன தேதி என்பதையும் நீங்கள் கேட்கலாம். இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள், பின்னால் புகார் எழுதும்போது "ஒரு அதிகாரி, மாலை நேரம் இருக்கும்" என்று எழுதினால் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். கையில் நீலப் பட்டை கட்டியவர் என்றால் அவர் ஃப்ரண்டெக்ஸ் என்ற ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பின் ஆள், அவர் மேல் புகார் என்றால் வார்சாவில் உள்ள அந்த அமைப்பின் அடிப்படை உரிமை அதிகாரிக்கே எழுதலாம்.

குரலை உயர்த்தாதீர்கள், பொய் சொல்லாதீர்கள், புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்பவர் அதை அங்கேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். தஞ்சம் கேட்பது சாசனத்தின் 18-ஆம் பிரிவில் உள்ள உரிமை, அப்படிச் சொன்னவரை வழக்கமான நுழைவு மறுப்பாக முடித்து அனுப்பிவிடக் கூடாது.

நுழைவை மறுத்தால் ஒரு படிவம் கையில் தர வேண்டும். காரணத்தைக் கட்டம் போட்டு ஆங்கில எழுத்தால் குறித்திருப்பார்கள். ஈ என்றால் பயண நோக்கத்துக்கான காகிதம் போதவில்லை, ஜி என்றால் செலவுக்குப் பணம் போதவில்லை. எச் கட்டத்தில் டிக் இருந்தால் உங்கள் பெயரில் ஒரு நுழைவுத் தடை எச்சரிக்கை பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம், அது எஸ்.ஐ.எஸ் என்ற ஷெங்கன் தகவல் பதிவேட்டிலா (ஈ.ஈ.எஸ் வேறு, இது வேறு), அந்த நாட்டின் சொந்தப் பட்டியலிலா என்பதையும் அங்கேயே குறித்திருப்பார்கள். அடுத்து யாருக்கு எழுத வேண்டும் என்பது இந்தக் கட்டத்தைப் பொறுத்துத்தான் மாறும், அதனால் அந்தப் படிவத்தைத் தொலைத்துவிடாதீர்கள். மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அது முடியும் வரை உள்ளே விடமாட்டார்கள், திரும்பிப் போய்த்தான் நடத்த வேண்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, இருந்தாலும் சட்டம் அப்படித்தான்.

ஊர் வந்து எழுதும் கடிதம்

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. ஈ.ஈ.எஸ்-இல் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்க எந்தக் காரணமும் சொல்ல வேண்டாம், கட்டணமும் இல்லை, நீங்கள் இறங்கிய நாட்டுக்குத்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. 29 நாடுகளில் எந்த நாட்டின் உரிய அதிகாரிக்கும் எழுதலாம். வேறு நாட்டுக்கு எழுதினால் அவர்கள் 7 நாளுக்குள் பொறுப்புள்ள நாட்டைத் தொடர்புகொள்ள வேண்டும், 45 நாளுக்குள் உங்களுக்குப் பதில் வர வேண்டும். யாருக்கு எழுதுவது என்ற முகவரி அந்தந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும், பிரான்ஸ் என்றால் சி.என்.ஐ.எல். ஷெங்கன் பதிவேட்டுக்கு மாதிரிக் கடிதங்களையும் இத்தகைய தளங்களில் பார்க்கலாம்.

கடிதத்தை நீட்டி முழக்காதீர்கள். அந்த நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ, சாரம் இவ்வளவு இருந்தால் போதும் (ஜி.டி.பி.ஆர் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம்): "என் முழுப் பெயர் இது, பிறந்த தேதி இது, பாஸ்போர்ட் எண் இது, முந்தைய பாஸ்போர்ட் எண் இது. ஜி.டி.பி.ஆர் 15-ஆம் பிரிவின்படி, ஈ.ஈ.எஸ்-இல் என்னைப் பற்றி உள்ள எல்லாத் தரவின் நகலையும் கேட்கிறேன். எந்த நாடு எப்போது பதிந்தது என்பதையும் தெரிவிக்கவும். இந்தத் தேதியில் இந்த விமானத்தில் நான் வெளியேறியது பதிவாகவில்லை என்றால், 16-ஆம் பிரிவின்படி அதைத் திருத்தக் கேட்கிறேன், சான்று இணைத்துள்ளேன்." கூடவே பாஸ்போர்ட்டின் படப் பக்க நகல், அதன் குறுக்கே "தரவுக் கோரிக்கைக்கு மட்டும்" என்று எழுதி. கோபம், வரலாறு, அரசியல் எதுவும் வேண்டாம், படிக்கிற குமாஸ்தாவுக்கு எந்தக் கட்டத்தைத் திறப்பது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

எச் கட்டம் விழுந்தவர்கள் எஸ்.ஐ.எஸ் என்ற ஷெங்கன் தகவல் பதிவேட்டுக்கு இதே மாதிரி எழுத வேண்டும். ஜெர்மனி என்றால் பி.கே.ஏ என்ற கூட்டாட்சிக் குற்றவியல் காவல் அலுவலகத்துக்கு. ஒரு மாதத்தில் பதில், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது: எச்சரிக்கையைப் போட்ட நாடுதான் அதை அழிக்கவோ திருத்தவோ முடியும். நீங்கள் பிரான்ஸில் மாட்டியிருக்கலாம், போட்டது வேறு நாடாக இருக்கும். பிரான்ஸிடம் அழுது பிரயோஜனம் இல்லை, யார் போட்டது என்று முதலில் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்புக் காரணம் காட்டித் தகவல் தர மறுப்பதும் உண்டு. அப்போது தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதினால், உங்களுக்குக் காட்டாவிட்டாலும் உங்கள் சார்பில் அவர்கள் உள்ளே போய்ப் பார்ப்பார்கள். அதற்கும் மேலே நீதிமன்றம், எந்த ஷெங்கன் நாட்டிலும் போகலாம், நஷ்டஈடும் கேட்கலாம்.

விசாவே கிடைக்கவில்லை என்பவர்களுக்கு ஒரு தீர்ப்பு உதவும். 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது இது: வேறொரு நாடு ஆட்சேபித்ததால் விசா மறுக்கப்பட்டால், எந்த நாடு, என்ன காரணத்தால் ஆட்சேபித்தது என்பதை மறுப்புக் கடிதத்தில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அது இல்லையென்றால் மேல்முறையீட்டின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

விமான நிறுவனத்தின் கேமரா வேறு, அரசின் கேமரா வேறு

பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எல்லைக் காவலர் எடுக்கும் முகப் படம் சட்டக் கட்டாயம். விமானத்தில் ஏறும் வாசலில், பையை ஒப்படைக்கும் இடத்தில், முகத்தைக் காட்டினால் போதும் சீக்கிரம் போகலாம் என்று நிறுவனமோ விமான நிலையமோ வைத்திருப்பது வசதிக்கான ஏற்பாடு. ஐரோப்பாவில் அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும், போர்டிங் பாஸைக் காட்டிப் போகிறேன் என்று சொல்லலாம். 2024 மேயில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் இதைப் பற்றிக் கருத்து வெளியிட்டது. முக வார்ப்பு, அதாவது உங்கள் முகத்தை அடையாளம் காணக் கணினி எடுத்து வைக்கும் பதிவு, உங்கள் கையிலேயே, உங்கள் போனில் இருக்க வேண்டும், அல்லது எங்கே இருந்தாலும் திறக்கும் சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும், அப்படி இருந்தால்தான் ஜி.டி.பி.ஆர்-உடன் ஒத்துப்போகும் என்றது. ஆக, இப்படி ஒரு சேவையில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் முகம் எங்கே இருக்கும், சாவி யாரிடம்? பதில் வழவழ என்று வந்தால் பழையபடி தாளைக் காட்டிவிட்டுப் போய்விடுங்கள், இரண்டு நிமிடம்தான் கூடும்.

டிக்கெட் விவரமும் அரசுக்குப் போகிறது, அது தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயணிப் பெயர்ப் பதிவு என்று 2016-லேயே ஒரு சட்டம் வந்து, 5 வருடம் வரை வைத்திருக்கலாம் என்றது. 2022 ஜூன் 21 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதைச் சுருக்கிவிட்டது. சந்தேகத்துக்கு எந்தக் காரணமும் இல்லாத பயணிகளின் தரவை ஆறு மாதத்துக்கு மேல் பொதுவாக வைத்திருக்கக் கூடாது என்பது தீர்ப்பின் ஒரு பகுதி. வழக்குப் போட்டது பெல்ஜியத்தில் உள்ள ஒரு மனித உரிமை அமைப்பு.

ஐரோப்பாவுக்கு வெளியே, போன் விஷயம்

கைரேகையை விட எனக்குப் பயம் போன்தான். அமெரிக்க எல்லையில் வாரண்ட் இல்லாமல் போனைப் பார்க்கிறார்கள். அவர்களுடைய 2018 நடைமுறை ஆணைப்படி போனில் இருப்பதைத்தான் பார்க்கலாம், மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில் உள்ளதை எட்டிப் பார்க்கக் கூடாது, அதற்காகப் போனின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். திறக்க மறுத்தால் குடிமகனை உள்ளே விட்டுவிட்டுப் போனை மட்டும் வைத்துக்கொள்வார்கள், வெளிநாட்டவருக்கு நுழைவே மறுக்கப்படலாம். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணைப்படி சந்தேகமே இல்லாமலும் 6 மணி நேரம் வரை நிறுத்தி விசாரிக்கலாம், கடவுச்சொல் தர மறுப்பது குற்றம்.

அதனால் அங்கே போகும்போது தைரியம் உதவாது, குறைவாகச் சுமந்து போவதுதான் உதவும். வேலைக் கோப்புகள், மற்றவர் ரகசியங்கள் (வக்கீல், நிருபர், மருத்துவர் என்றால் இது கட்டாயம்), பழைய உரையாடல்கள் எல்லாவற்றையும் ஊரிலேயே வைத்துவிட்டு, தேவையான செயலிகளோடு மட்டும் போங்கள். கவுண்டருக்கு முன் போனை முழுவதுமாக அணைத்துவிடுங்கள், மறுபடி திறக்கும்போது முகமோ விரலோ போதாது, எண் கேட்கும். எல்லையில் நின்றுகொண்டு எதையும் அழிக்காதீர்கள், அது வேறு மாதிரி தெரியும். அமெரிக்காவில் பெயர்க் குழப்பத்தால் ஒவ்வொரு முறையும் தனியே நிறுத்தப்படுகிறவர்கள் டி.எச்.எஸ் ட்ரிப் என்ற தளத்தில் முறையிட்டால் ஒரு குறைதீர்ப்பு எண் கிடைக்கும், அதை டிக்கெட் போடும்போதே உரிய இடத்தில் போட வேண்டும். போடாவிட்டால் எண் வாங்கியதே வீண்.

கடைசியாக, பதில் கடிதம் வந்ததும் வேலை முடிந்தது என்று மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிடாதீர்கள். ஒரு நாடு திருத்திவிட்டேன் என்று எழுதிய கடிதத்தின் நகல் அடுத்த பயணத்தில் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே இருக்கட்டும், மடித்து, தேதியும் கடித எண்ணும் மேலே தெரிகிற மாதிரி. என் உறையில் இப்போதும் அந்தப் போர்டிங் பாஸ் படத்தின் அச்சு ஒன்று இருக்கிறது, காபிக் கோப்பையோடு.